தேடுபொறியும் அத்துச் சாரியையும்

முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருத்தி மூன்று நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தாள். நாற்று நடுகையிலும் கும்மி கொட்டுகையிலும் அவளுடைய ஆச்சி பாடிய பாட்டுக்கள். ஆச்சி சொல்லச் சொல்ல இவள் எழுதியிருக்கிறாள். எழுத்துப் பிழைகள் இருந்தன, பாட்டில் பிழையில்லை. ஆய்வேட்டுக்கு இது போதும், ஆனால் ஆய்வேட்டோடு நிறுத்திவிடாமல் எல்லாவற்றையும் தட்டெழுதி இணையத்தில் ஏற்றிவிடு என்றேன். அவள் சற்று யோசித்துவிட்டு, “ஏத்துனா யாரு சார் தேடப் போறாவ?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. வகுப்புக்கு நேரமாயிற்று என்று எழுந்துகொண்டேன். வகுப்பில் அன்று நடத்த வேண்டியிருந்தது குற்றாலக் குறவஞ்சி. அதிலும் சிங்கன் சிங்கியைத் தேடி அலையும் பகுதி. கேள்வி என்னை விட்டபாடில்லை. அதைப் பற்றி யோசித்ததன் விளைவே இக்கட்டுரை.

தேடுபொறி என்றதும் நமக்குக் கூகிள் ஒன்றே நினைவுக்கு வருகிறது. உலகெங்கும் அப்படித்தான் என்றும் எண்ணிக்கொள்கிறோம். அது உண்மையன்று. உருசியாவில் யாண்டெக்ஸ், தென்கொரியாவில் நேவர், செக் நாட்டில் செஸ்னம், சீனாவில் பைடு என்று தத்தம் மொழிக்குள்ளிருந்து கிளைத்த தேடுபொறிகள் உண்டு. இவற்றுள் யாண்டெக்ஸின் கதை, தமிழிலக்கணம் கற்பிக்கும் எனக்கு மிகவும் நெருக்கமானது.

உருசிய மொழியில் பெயர்ச்சொல் வேற்றுமைக்கேற்ப ஈறு மாறும். ‘மாஸ்கோவில்’, ‘மாஸ்கோவை’, ‘மாஸ்கோவின்’ என்பவை ஆங்கிலத்தில்போல ஒரு முன்னிடைச்சொல்லால் மட்டும் குறிக்கப்படுவதில்லை. சொல்லின் வால் மாறுகிறது. எழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிடும் பொறிக்கு இவை வெவ்வேறு சொற்கள். அர்க்காதி வோலோஷ், இலியா செகலோவிச் ஆகியோர் தொடக்கத்தில் செய்தது இந்தச் சிக்கலை அவிழ்க்கும் வேலையைத்தான். 1990-களின் முற்பகுதியில் காப்புரிமை வகைப்பாட்டிலும் விவிலியத்திலும் தேடுவதற்கு அவர்கள் ஆக்கிய மென்பொருள்கள் உருசியச் சொல்லிலக்கணத்தை அறிந்திருந்தன. அந்த அடித்தளத்தின் மீதே 1997 செப்டம்பரில் யாண்டெக்ஸ் தேடுபொறி எழுந்தது. அதன் அடிக்கல் விளம்பரமோ முதலீடோ அல்ல, இலக்கணம். பின்னால் கூகிள் உருசியாவுக்குள் வந்தபோதும் பாதிக்கு மேற்பட்ட பயனர்கள் தங்கள் தேடுபொறியை விட்டு அகலவில்லை என்றால், அதற்கு இந்த அடிக்கல்லும் ஒரு காரணம்.

2010 மே மாதத்தில் யாண்டெக்ஸ் ஆங்கிலத்திலும் ஒரு தேடுபக்கத்தைத் திறந்தது. உருசிய வாசகனுக்கே ஆங்கிலப் பக்கங்கள் தேவைப்பட்டன. உலகச் சந்தை என்ற ஆசையும் இருந்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டே அமெரிக்கப் பங்குச்சந்தையில் பங்கு வெளியிட்டு 130 கோடி டாலர் திரட்டியது. ஆனால் ஆங்கிலத் தேடலில் அதனால் கூகிளை அசைக்க முடியவில்லை. காரணம் எளிது. உருசிய மொழியில் அதற்கிருந்த சிறப்பு, ஆங்கிலத்தில் செல்லாது. ஆங்கிலத்துக்கு வேற்றுமை அறிந்த பொறி தேவையில்லை. சொந்த ஊரில் அதை வீரனாக்கிய ஆயுதம் அயலூரில் வெறும் சுமையாயிற்று.

நேவரின் கதை வேறு வகை. 1999-ல் தொடங்கப்பட்டபோது அதன் இடையூறு இலக்கணம் மட்டுமன்று. கொரிய மொழியில் இணையப் பக்கங்களே போதிய அளவு இல்லை. தேடிக் கொடுக்கப் பொருள் இல்லாத இடத்தில் தேடுபொறி என்ன செய்யும்? அவர்கள் 2002-ல் ஒரு வழி கண்டார்கள். ஒருவர் வினா எழுப்ப, விடை தெரிந்த இன்னொருவர் எழுத, அந்த வினாவிடைகளையே தேடலின் கருவூலமாக்கினார்கள். இல்லாத நூலகத்தை வாசகர்களைக் கொண்டே எழுதுவித்தார்கள் என்று சொல்லலாம். அந்த நேவரும் சப்பானுக்குள் தேடுபொறியோடு நுழைந்து 2005-ல் வெளியேறியது. 2009-ல் மறுபடி நுழைந்து 2013-ல் தேடல் சேவையை மூடியது. ஆனால் அங்கே சென்றவர்களின் கையில் 2011-ல் ‘லைன்’ என்ற அரட்டைச் செயலி பிறந்து சப்பானையே ஆட்கொண்டது. தேடுபொறி தோற்ற மண்ணில் வேறொன்று வென்றது.

இவ்விரண்டு கதைகளிலிருந்தும் நான் எடுத்துக்கொள்வது இதுதான். வட்டாரத் தேடுபொறி ஒன்று அயல்மொழிச் சந்தைக்குப் போய் வெல்வது அரிது. ஆனால் அது அங்கே தோற்றுத் திரும்பினாலும் படுக்க ஒரு வீடு இருக்கிறது. அந்த வீடு அதன் மொழி. நமக்கு அந்த வீடு உண்டா?

*

தென்காசியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் மத்தளம்பாறை என்னும் சிற்றூர். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் வயல். ஸோஹோ நிறுவனம் 2011-ல் தென்காசியில் சிறு அலுவலகமாகத் தொடங்கி இங்கே வேரூன்றியது. அதற்கு முன்பே 1996 முதல் ‘அட்வென்ட்நெட்’ என்ற பெயரில் இயங்கி, 2009-ல் ஸோஹோ எனப் பெயர் மாறிய நிறுவனம் அது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019-ல் அமெரிக்காவிலிருந்து வந்து மத்தளம்பாறையிலேயே குடியேறினார். வாடிக்கையாளர் குறைகளைக் கையாள உலகெங்கும் நிறுவனங்கள் பயன்படுத்தும் ‘ஸோஹோ டெஸ்க்’ என்ற மென்பொருள் பெரும்பாலும் தென்காசியில் உருவானது. கல்லூரிக்குப் போகாத, பள்ளிக்கல்வி முடித்த பிள்ளைகளைத் தேர்ந்து பயிற்சியளித்து மென்பொருளாளராக்கும் பள்ளியும் இங்கே உண்டு. என் மாணவர்களின் தம்பி தங்கையர் சிலர் அதில் படித்தவர்கள்.

ஆகவே, யாண்டெக்ஸும் நேவரும் நடந்த திசைக்கு நேர் எதிர்த்திசையில் எங்கள் ஊர் நடந்திருக்கிறது என்பேன். அவர்கள் தாய்மொழிச் சந்தையில் நின்று ஆங்கிலச் சந்தையை எட்டிப் பார்த்தார்கள். நாங்கள் ஆங்கிலச் சந்தையில் முதலில் காலூன்றினோம். மத்தளம்பாறையில் எழுதப்படும் மென்பொருளை வாங்குபவன் தென்காசியின் அரிசிக்கடைக்காரன் அல்லன். எங்கோ அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் நிறுவனம். மழைச்சாரல் சன்னலில் அடிக்க, உள்ளே அமர்ந்திருக்கும் பெண் ஆங்கிலத்தில் ஒரு பொத்தானுக்குப் பெயர் வைக்கிறாள்.

இதைக் குறையாகச் சொல்லும் இலக்கிய நண்பர்கள் எனக்கு உண்டு. “ஊர் தமிழ், சோறு தமிழ், உழைப்பு மட்டும் ஆங்கிலமா?” என்று கேட்பார்கள். நான் அவர்களோடு உடன்படுவதில்லை. நெல்லைச் சீமைக்கு ஆங்கிலச் சந்தை புதிதன்று. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை ஆங்கிலத்தில் எழுதினார். ஆங்கிலம் படித்த உலகத்துக்காகவே எழுதினார். அந்த ஆங்கில நூல் தமிழுக்குச் செய்த நன்மையைப் பல தமிழ் நூல்கள் செய்ததில்லை. சாயர்புரத்தில் பணியாற்றிய போப்பையர் 1886-ல் திருக்குறளை ஆங்கிலமாக்கி வெளியிட்டார். நெல்லை தந்த வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து நிறைவேற்றிய சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, சொல்லுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் தருகிறது. ஆங்கிலத்தை நோக்கி நடப்பது துரோகமன்று. கால்டுவெல்லும் வையாபுரிப் பிள்ளையும் ஆங்கில வாசகனை நோக்கி நடந்தபோது, அவர்கள் கையில் தமிழ் இருந்தது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

2025 செப்டம்பரில் நடந்த ஒன்றை நினைவுபடுத்த விரும்புகிறேன். ஸோஹோ 2021-லேயே வெளியிட்ட ‘அரட்டை’ செயலி திடீரென்று நாடெங்கும் பேசப்பட்டது. ஆயிரக்கணக்கில் இருந்த நாள்வரவு இலட்சக்கணக்கில் ஏறியது. அப்போது வடக்கிலிருந்து ஓர் ஆட்சேபம் எழுந்தது: பெயர் வாயில் நுழையவில்லை, மாற்றிவிடுங்கள். யாகூவும் கூகிளும் வாயில் நுழைந்தவர்களுக்கு அரட்டை நுழையவில்லையாம்! பெயர் மாறாமல் நின்றது. எனக்கு அதில் மகிழ்ச்சியே. 2023-ல் வந்த அவர்களுடைய இணைய உலாவிக்கும் ‘உலா’ என்றே பெயர். மூவருலா படித்தவனுக்கு இனிக்கத்தான் செய்யும்.

ஆனால் பெயர் வைப்பதோடு மொழியின் வேலை முடிந்துவிடுவதில்லை. என் கேள்வி அதற்கு அப்பால் தொடங்குகிறது.

*

குற்றாலம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘குற்றாலம்’ என்று தேடுகிறோம். பக்கத்தில் ‘குற்றாலத்தில்’ என்று இருக்கிறது. ம் கெட்டு, அத்துச் சாரியை தோன்றி, இல் உருபு ஏறியிருக்கிறது. தொல்காப்பியர் விதி வகுத்துவிட்டார். நாங்களும் ஆண்டுதோறும் நடத்துகிறோம். எழுத்தை மட்டும் ஒப்பிடும் பொறிக்கு இவ்விதி தெரியாது. ‘தென்காசி’ என்றால் ‘தென்காசியில்’ என்பதன் தலைப்பகுதி அப்படியே இருக்கிறது, ஓரளவு தப்பிக்கலாம். ‘ஆறு’ ‘ஆற்றில்’ ஆகும்போது டகர றகர இரட்டிப்பு குறுக்கே வருகிறது. ‘வா’ என்ற வினை ‘வந்தாள்’, ‘வருவாள்’, ‘வாராள்’ என்று உருமாறுகிறது. இதற்கு மேல் புணர்ச்சி. ‘குற்றாலக் குறவஞ்சி’ என்று பிரித்தெழுதுவோர் உண்டு. ‘குற்றாலக்குறவஞ்சி’ என்று சேர்த்தெழுதுவோர் உண்டு. ஒற்றை விட்டுவிடுவோர் அவர்களினும் மிகுதி. ஆங்கிலேயர் வைத்த ‘கோர்ட்டாலம்’ என்ற எழுத்துக்கூட்டு தனி. இந்த நான்கையும் ஒன்றென்று அறிய இலக்கணமும் வேண்டும், ஊரறிவும் வேண்டும்.

இலக்கணம் படித்த நமக்கும் கணினி படித்தவர்களுக்கும் இடையே நீண்ட காலம் பேச்சுவார்த்தையே இல்லாமலிருந்தது. முயற்சிகளே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் எழுத்துருக் குறியீட்டையும் விசைப்பலகையையும் சீராக்கும் வேலை நடந்தது. மத்திய அரசின் ஆதரவில் மும்பை ஐ.ஐ.டி. தலைமையேற்க, அண்ணா பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்கள் கூடி ‘சந்தான்’ என்ற இந்திய மொழித் தேடுபொறியை ஆக்கின. தமிழும் அதில் ஒரு மொழி. சுற்றுலாத் துறையே அதன் களம். குற்றாலத்தைத் தமிழில் தேடத் தக்க பொறி! ஆனால் எங்கள் ஊரில் அதன் பெயரைக் கேள்விப்பட்ட ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. பெங்களூரில் 2006-ல் தொடங்கப்பட்ட ‘குருஜி’ என்ற இந்தியத் தேடுபொறியும் சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. ஆய்வுத் திட்டமாகப் பிறப்பவை நிதி முடிந்ததும் உறங்குகின்றன. வணிகமாகப் பிறப்பவை விளம்பரம் வராததால் மடிகின்றன.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது நியாயமான மறுப்பு. கூகிள் இன்று தமிழை நன்றாகவே அறிகிறதே, 2019 திசம்பரிலேயே சொற்றொடரைச் சூழலோடு விளங்கிக்கொள்ளும் முறையை எழுபதுக்கு மேற்பட்ட மொழிகளுக்கு விரித்தபோது தமிழும் அதில் இருந்ததே, இப்போது செயற்கை நுண்ணறிவு தமிழில் பக்கம் பக்கமாக விடை சொல்கிறதே, இனியும் நமக்கென்று ஒரு பொறி எதற்கு? சாரியை பற்றிய உம் கவலை பழங்கவலை அல்லவா?

பாதி உண்மை. குற்றாலத்தில் என்றாலும் குற்றாலம் என்றாலும் இன்று பெரும்பாலும் பிடிபடுகிறது. அதைச் செய்தவர்களுக்கு நன்றி சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் கேள்வியை விளங்கிக்கொள்வது தேடலின் ஒரு பாதி. விடையாக எதை முன்னே வைப்பது என்பது மறுபாதி. ‘குற்றாலம்’ என்று தேடினால் முதலில் வருபவை தங்கும் விடுதிகளும் அருவியில் குளிக்கத் தடை உண்டா இல்லையா என்ற செய்திகளும். சீசன் காலத்தில் வருபவர்களுக்கு வேண்டியது அதுதான், தவறில்லை. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் பக்கத்து மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயரைத் தேடிவரும் பிள்ளைக்கு அந்த வரிசையில் இடமில்லை.

வகுப்பில் ஒரு நாள் சோதித்துப் பார்த்தேன். குறவஞ்சி பாடியதற்காகக் கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் மானியமாக அளித்த நிலத்துக்குக் ‘குறவஞ்சி மேடு’ என்று பெயர். இது எங்கள் பக்கத்தில் பலரும் அறிந்த செய்தி. அதைப் பற்றிச் சொல்லுமாறு விடையளிக்கும் செயலி ஒன்றிடம் மாணவர்கள் கேட்டார்கள். அது, குறவஞ்சி மேடு மலையேறுவோர் விரும்பும் அழகிய சுற்றுலாத் தலம், காலை நேரத்தில் செல்வது நல்லது, தண்ணீர் எடுத்துச் செல்லவும் என்று அறிவுரை சொன்னது. இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. வேற்றுமை உருபுகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. வகுப்பு சிரித்தது. ஒரு பையன் மட்டும் அதைத் தன் ஒப்படைப்பில் எழுதிக்கொண்டு வந்துவிட்டான்.

அந்தப் பையனை நான் கடிந்துகொள்ளவில்லை. அந்தச் செயலியையும் எவ்வளவு கடிவது? மேடு என்ற சொல்லைப் பற்றி அது படித்த பக்கங்கள் சுற்றுலாப் பக்கங்கள். குறவஞ்சி மேட்டைப் பற்றி நாம் எழுதி வைத்த பக்கங்கள் அதற்குக் கிட்டவில்லை. காரணம், பெரும்பகுதியை நாம் எழுதியே வைக்கவில்லை. எழுதியவற்றையும் படிக்கத்தக்க வடிவில் வைக்கவில்லை.

*

குறவஞ்சியின் பிற்பகுதியை நினைத்துப் பாருங்கள். சிங்கி வசந்தவல்லிக்குக் குறி சொல்லப் போய்விடுகிறாள். சிங்கன் அவளைத் தேடி அலைகிறான். கடைசியில் காண்கிறான். ஆனால் அவள் உடம்பெல்லாம் அவன் முன்பு அறியாத அணிகள். அவனுக்கு அவற்றின் பெயர் தெரியாது. காலைச் சுற்றிக் கிடப்பது பாம்போ என்று அஞ்சுகிறான். தனக்குத் தெரிந்த காட்டுப் பொருள்களைக் கொண்டே ஒவ்வொன்றையும் விவரித்துக் கேட்கிறான். அவள் சிரிக்காமல், அதன் சரியான பெயரையும், எந்த நாட்டில் குறி சொல்லிப் பெற்றது என்பதையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள்.

இதைவிடச் சிறந்த தேடுபொறி இலக்கணத்தை நான் கண்டதில்லை. தேடுபவனுக்குச் சொல் தெரியாது. தனக்குத் தெரிந்த சொல்லால்தான் கேட்பான். விடை சொல்பவள் அவனுடைய சொல்லையும் அறிந்திருக்க வேண்டும், பொருளின் பெயரையும் அறிந்திருக்க வேண்டும், அது எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். மூன்றாவதுதான் இன்றைய பொறிகளில் தேய்ந்துவருகிறது. பெயர் சொல்கின்றன, வந்த இடம் சொல்வதில்லை.

தேடுவதற்குக் கருவி செய்யும் கலையும் நமக்குப் புதிதன்று. ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைக் கூட்டி வைத்த நிகண்டுகள் நம்மிடம் நூற்றாண்டுகளாக இருக்கின்றன. வீரமாமுனிவர் சதுரகராதியைச் செய்தபோது சொல்லை எழுத்து வரிசையில் தேடும் வழியைத் திறந்துவிட்டார். உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளின் பின்னே அரும்பத அகராதியை உழைத்து உழைத்துச் சேர்த்தார். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று குறித்தார். இன்று தேடுபொறியின் நெஞ்சாக இருக்கும் சுட்டு என்பதும் அடிப்படையில் அதே வேலைதான்: எந்தச் சொல் எந்தப் பக்கத்தில். ஐயர் ஒரு நூலுக்குச் செய்ததைப் பொறி கோடிப் பக்கங்களுக்குச் செய்கிறது. கி.ராஜநாராயணன் 1982-ல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தபோது, பேரகராதி தவறவிட்ட சொற்களுக்கு வாசல் வைத்தார். பொதிகையடிவாரத்துக்கு அப்படியொன்று செய்ய யாரும் நமக்குத் தடை சொல்லவில்லை.

ஆகவே என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, ஆங்கிலச் சந்தையில் வென்றவர்களிடம் நாம் கேட்க வேண்டியது நன்கொடையன்று, நூலகத்துக்கு அலமாரியன்று. தமிழ்ச் சொல்லைப் பகுத்து வேர்ச்சொல்லைக் காட்டும் கருவி, பிழைதிருத்தி, வட்டார வழக்குகளை அறிந்த தேடல் ஆகியவற்றை உழைத்துச் செய்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வைக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். இதில் வருமானம் குறைவு. யாண்டெக்ஸுக்குக் கிடைத்த விளம்பரச் சந்தை தமிழில் கிடைக்காது என்பதையும் அறிவேன். சந்தை வருவதற்காகக் காத்திருந்தால் மொழி காத்திருக்காது. மத்தளம்பாறையில் அமர்ந்து உலகுக்கு மென்பொருள் செய்ய இயலும் என்று மெய்ப்பித்துவிட்ட பிறகு, ‘இங்கே ஆளில்லை, அறிவில்லை’ என்ற பழைய சாக்கு செல்லாது.

இரண்டாவது, வீட்டுத் தேடுபொறி என்பதாலேயே அது அறமுடையதாகிவிடாது. யாண்டெக்ஸ் தன் செய்திச் சேவையை 2022-ல் கைமாற்ற நேர்ந்தது. 2024-ல் அதன் நெதர்லாந்துத் தாய்நிறுவனம் உருசியத் தொழில் முழுவதையும் விற்றுவிட்டு வேறு பெயர் பூண்டது. நம் மொழியில் விடை சொல்லும் வாய் ஒன்றே ஒன்றாக இருந்து, அதன் கழுத்து அரசின் கையிலோ முதலாளியின் கையிலோ இருந்தால், அயலான் பொறியே மேல் என்று தோன்றும் நாள் வரும். அதனால்தான் பொதுவில் வைக்க வேண்டும் என்கிறேன். கருவி ஊருக்குச் சொந்தமாக இருந்தால், கடை எவருடையதாயினும் அஞ்ச வேண்டியதில்லை.

மூன்றாவது நமக்கு. இதழ் படிக்கும், இதழ் நடத்தும், தமிழ் கற்பிக்கும் நமக்கு. மதுரைத் திட்டம் 1998-ல் தொடங்கித் தன்னார்வலர் கைகளாலேயே பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி ஏற்றியது. தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் வளர்கிறது. அவற்றுக்கு நிகரான உழைப்பை இலக்கியச் சிற்றிதழ்கள் தந்தனவா? எத்தனையோ அரிய நூல்கள் இன்று படக்கோப்புகளாக இணையத்தில் கிடைக்கின்றன. கண்ணுக்குத் தெரிகின்றன, தேடலுக்குத் தெரிவதில்லை. ஒருங்குறி பரவுவதற்கு முன் அவரவர் எழுத்துருவில் எழுதிக் குவித்த கட்டுரைகள் இன்று திறந்தால் புரியாத குறிகளாகக் கிடக்கின்றன. எழுதியவர்கள் உயிரோடிருக்கும்போதே அவற்றை மாற்றி எடுக்கலாம். கொரியர்கள் இல்லாத நூலகத்தை எழுதிக் கொண்டார்கள். நாம் இருக்கும் நூலகத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு, சாவியை அமெரிக்காக்காரன் செய்யவில்லை என்று வருந்துகிறோம்.

*

தென்காசிக் கோயிலைப் பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இக்கோயிலுக்குக் குறை நேர்ந்தால் அதைச் சீர்செய்வோரின் அடியை வணங்குவதாகச் செய்யுளில் கல்லில் பொறித்து வைத்தான். ஓர் அரசன், தனக்குப் பின் வரப்போகும் பெயர் தெரியாத மனிதனின் காலில் விழுகிறான். கோபுரம் சிதைந்து மொட்டையாகவே நெடுங்காலம் நின்றது. 1990-ல் இன்றைய இராசகோபுரம் எழுந்தது. அந்தப் பாண்டியன், ‘யார் வரப் போகிறார்கள்?’ என்று கேட்டுக் கல்லை வைக்காமல் விட்டிருந்தால், பின்னால் வந்தவன் எதன் மேல் கோபுரம் எழுப்புவான்?

மறுநாள் அந்த மாணவியை அழைத்தேன். யார் தேடுவார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் தேட வருகிறவர் கையில் உன் ஆச்சியின் சொல் இருக்காது, அவருக்குத் தெரிந்த ஏதோ ஒரு சொல்தான் இருக்கும், ஆகவே ஒவ்வொரு பாட்டின் கீழும் அதை எப்போது பாடுவார்கள், எந்த ஊரில் பாடினார்கள், கடினமான சொல்லுக்கு என்ன பொருள் என்று எழுதிவிடு என்றேன். சிங்கி சொன்னதைப் போல, பெயரும் வந்த இடமும். அவள் ஆச்சியிடம் கேட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னாள்.

இரண்டு வாரங்களுக்குப் பின் வந்தபோது கையில் நான்கு நோட்டுக்கள் இருந்தன. பொருள் கேட்கப் போன இடத்தில் ஆச்சிக்கு இன்னும் பல பாட்டுக்கள் நினைவுக்கு வந்துவிட்டனவாம். முதல் நோட்டை முழுதும் தட்டெழுதி முடித்திருந்தாள். ஒற்றுப் பிழைகளை இருவரும் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்கிறோம்.